குஸ்ரு மன்னன் விழுந்த இரவு
(வாழவந்தியில் நடந்த முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பு என்று செயலாளர் போனில் கேட்டார். பாரசீகச் சுவடி ஓவியம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்ப்பா, காப்பியும் மிளகும் விளையுற ஊர்ல வந்து நிக்கிறோம், பாரசீகம் எதுக்குப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கீழே தெரிகிற சேலம் சீமை 1792 வரை திப்பு சுல்தான் கையில் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகாலோடு சேர்ந்து கும்பினியார் கைக்கு வந்தது. திப்புவின் சர்க்கார் பாஷை பாரசீகம். நாம் இன்றைக்கும் பேசுகிற தர்பார், குமாஸ்தா, பந்தோபஸ்து, தஸ்தாவேஜு எல்லாம் அந்தப் பாஷைச் சரக்கு. தாசில்தாரும் ஜமாபந்தியும் அதன் வழியாக வந்தவைதான். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசில் நின்ற ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலே பாரசீகம் பேசியவர்கள். ஆகவே இது அன்னியச் சங்கதி இல்லை என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியை உங்களிடையே சுற்றுக்கு விட்டிருக்கிறேன். மூலப்படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் உயரமும் 32 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாள். 1530களில் ஈரானில், ஷா தமாஸ்ப் என்ற அரசருக்காக எழுதி வரைந்த ஷாநாமாவின் பக்கம் அது. ஷாநாமா என்றால் அரசர் கதை. பிர்தௌசி என்ற மகாகவி 1010இல் பாடி முடித்த காவியம். ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஈரடிகள். இந்தப் பக்கத்தில் உள்ள காட்சி, குஸ்ரு பர்வேஸ் என்ற ஈரானியச் சக்கரவர்த்தி கொல்லப்படுவது.

யார் இந்தக் குஸ்ரு? "சிவகாமியின் சபதம்" படித்தவர்களுக்குப் புலிகேசியைத் தெரியும். குஸ்ரு அவன் காலத்து ஆள். சித்தப்பன் மங்களேசன் தன் மகனுக்குப் பட்டம் கட்டப் பார்த்தான், ராஜ்யத்தையும் உயிரையும் சேர்த்து இழந்தான் என்று 634ஆம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டு சொல்லுகிறது. அப்படி அரியணை ஏறியவன் நம் புலிகேசி. குஸ்ருவின் கதையும் அதே மாதிரி. அவன் தகப்பன் ஹோர்மிஸ்த் சக்கரவர்த்தியை 590இல் சொந்த மைத்துனர்களே கவிழ்த்துக் கண்ணைப் பிடுங்கி, பிறகு கொன்றும் விட்டார்கள். அந்த மைத்துனர்கள் யார்? குஸ்ருவின் தாய்மாமன்கள். மருமகனுக்குப் பட்டம். தாய்மாமன் சீர் என்று நாம் வேறு அர்த்தத்தில் சொல்லுகிறோம்!

தபரி என்ற அரபு வரலாற்றாசிரியர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். குஸ்ரு ஆட்சியின் 36ஆம் ஆண்டில் இந்திய அரசன் ஒருவன் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் தனித்தனியே பரிசும் கடிதமும் அனுப்பினானாம். ஷிரூயி என்ற மகனுக்கு வந்த கடிதத்தில் மட்டும், இதை ரகசியமாக வைத்துக்கொள் என்று இந்திய எழுத்தில் குறிப்பு. தகப்பன் பிரித்துப் படிக்கச் சொன்னான். "38ஆம் ஆண்டில் நீ முடி சூடுவாய், சந்தோஷப்படு" என்கிற கருத்தில் இருந்தது. அந்த இந்திய அரசன் நம் புலிகேசிதான் என்று நோல்டெக்கே என்ற ஜெர்மன் அறிஞர் ஊகித்தார். எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்குக் கடிதத்தை எழுதியவன் முக்கியமில்லை. படித்தவன்தான் முக்கியம். குஸ்ரு அதை மறுபடி முத்திரை வைத்து, ராணி ஷிரீனிடம் பத்திரப்படுத்தக் கொடுத்தான். மகனை ஒன்றும் செய்யவில்லை. தனக்கு எந்த ஆண்டில் ஆபத்து என்று தெரிந்தும் அந்த மனிதன் இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

அந்த இரண்டு வருஷத்தில் நடந்தது என்ன? 602இல் ரோமானியரோடு ஆரம்பித்த யுத்தம் முடியவே இல்லை. 614இல் ஜெருசலேம், பிறகு எகிப்து என்று பிடித்துக்கொண்டே போனார்கள். 626இல் கான்ஸ்டாண்டிநோபிள் வாசல் வரை போய்த் திரும்பினார்கள். 627 டிசம்பரில் நினிவே அருகே ஹெராக்ளியஸ் சக்கரவர்த்தியிடம் பெரும் தோல்வி. கால் நூற்றாண்டாகச் சிப்பாய் வீடு திரும்பவில்லை, குடியானவன் வரி கட்டி மாளவில்லை. 628 பிப்ரவரியில் பிரபுக்கள் ஒன்றுகூடி ஷிரூயியைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். குஸ்ருவைச் சிறை வைத்தார்கள். மகன் தகப்பனுக்கு ஒரு குற்றப்பத்திரிகை அனுப்பினான். தாத்தாவைக் கண் பிடுங்கியது, வரி வசூல், படைவீரரை எல்லையிலேயே நிறுத்தி வைத்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. கிழவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடிதம் படித்த கதையே அந்தப் பதிலில்தான் வருகிறது. உன்னைப் பற்றித் தெரிந்தும் உன்னை விட்டு வைத்தேனே என்கிறார். இந்த ஒரு இடத்துக்காகவே அந்த வரலாற்றைப் படிக்கலாம்.

பிறகு நடந்ததைப் பிர்தௌசி இப்படிச் சொல்லுகிறார். ஒரே நாட்டில் இரண்டு ராஜா கூடாது என்று பிரபுக்கள் நெருக்கினார்கள். மகனுக்குத் தன் கையால் செய்யத் தைரியமில்லை. பிரபுக்களுக்கும் இல்லை. தெருவில் போன ஓர் ஊர் பேர் தெரியாதவனைப் பிடித்துப் பணமும் குத்துவாளும் கொடுத்து அனுப்பினார்கள். அவனைப் பார்த்ததுமே குஸ்ருவுக்குப் புரிந்துவிட்டது. உடனிருந்த சின்னப் பையனிடம் தண்ணீரும் வாசனைப் பொருளும் இதைவிட நல்ல உடுப்பும் கொண்டு வரச் சொன்னான். சுத்தம் செய்து, பிரார்த்தனை சொல்லி, புதுசு உடுத்தி, கொலைகாரன் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று துணியால் முகத்தை மூடிக்கொண்டான். வந்தவன் கதவைத் தாழிட்டான்.

இப்போது கையிலுள்ள பிரதியைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கொலை இல்லை. பக்கம் முழுக்க அரண்மனை. பூ வேலை, கொடி வேலை, ஒரு விரற்கடை கூட வெறுமையாக விடாத அலங்காரம். காவியத்தில் சிறை. ஓவியர் அதை மாளிகையாக ஆக்கிவிட்டார். கொலை அந்தப் பெரிய மாளிகையில் சிறு பங்கு இடத்தில் நடக்கிறது. மற்றவர்கள்? சிலர் தூங்குகிறார்கள். சிலர் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப்புறம் சக்கரவர்த்தியைக் குத்துகிறார்கள், இந்தப்புறத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பாரசீக ஓவியம் என்றாலே அழகு மட்டும்தான், உணர்ச்சி கிடையாது, கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. இந்தப் படத்தில் ரத்தத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். அழகான சுவரும் நிம்மதியான தூக்கமும்தான் பயத்தைக் கொண்டு வருகின்றன. ஒரு ராஜாவைக் கவிழ்க்கக் கத்தி ஒன்று போதாது. அவனைச் சுற்றி இருப்பவர்கள் தூங்க வேண்டும். இருபத்தாறு வருஷ யுத்தத்தில் களைத்துப் போன ஒரு தேசம், இனி இவனுக்காகக் கண் விழிக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. அந்தக் காரணத்தை வரலாற்றுப் புத்தகம் பத்துப் பக்கத்தில் எழுதும். ஓவியர் நாலைந்து உறங்கும் உருவங்களில் சொல்லிவிட்டார் என்பது என் கட்சி.

இதைச் செய்கிற விதமும் சொல்ல வேண்டும். முதலில் தாளுக்குக் கஞ்சி போட்டு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். எழுத்தர் முதலில் எழுதுவார். படத்துக்கு அவர் விட்டு வைத்த இடத்தில்தான் ஓவியர் வேலை. நீலத்துக்கு ஆப்கானிஸ்தானத்து வைடூரியக் கல் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. லாபிஸ் லாசுலி என்கிற நீலக்கல் அது. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், மேலே தங்கப் பொடி. சித்த வைத்தியம் தெரிந்த நண்பர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் கடைச் சரக்குதான். தூரிகை அணில் மயிர் மாதிரி மெல்லிய மயிரில் கட்டியது. இப்படி இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் 258 ஓவியங்கள்!

நம் படத்தை வரைந்தவர் அப்துஸ் சமது என்று அறிஞர்கள் அடையாளம் சொல்லுகிறார்கள். கசகசா விதை மேல் எழுத்து எழுதியவர் என்று பேர் வாங்கியவர். இந்தப் படம் வரைந்த சில வருஷத்தில் ஷா தமாஸ்புக்குப் பக்தி முற்றி, ஓவியத்தில் ஆர்வம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஈரானுக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஷேர்ஷாவிடம் 1540இல் ராஜ்யத்தைப் பறிகொடுத்த நம் ஹுமாயூன்தான். பட்டம் போன ராஜா, ராஜா பட்டம் போவதை வரைந்த ஓவியரை வேலைக்குக் கூப்பிட்டார். 1549இல் காபூலில் போய்ச் சேர்ந்தார் அப்துஸ் சமது. பிறகு இந்தியா. சின்னப் பையன் அக்பருக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார். பிற்பாடு அக்பரின் பெரிய ஓவியச் சாலையையே நடத்தினார். 1577இல் பதேபூர் சிக்ரி நாணயச் சாலை அதிகாரியாகவும் ஆனார். நம்ம ஊர்ல டிராயிங் மாஸ்டரை ரிசர்வ் பேங்க்ல உட்கார வைப்பாங்களா?

அக்பரின் ஓவியச் சாலையில் வந்த ஒரு படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள அக்பர்நாமாவில் இருக்கிறது. 1590களில் மிஸ்கினா என்ற ஓவியர் அமைத்தது. சம்பவம் 1562 மே மாதம் ஆக்ராவில் நடந்தது. அக்பரை வளர்த்த மாஹம் அனகாவின் மகன் ஆதம் கான், மந்திரி அத்கா கானை அரண்மனைக்குள்ளேயே கொன்றுவிட்டு, உருவிய வாளோடு அந்தப்புர வாசல் வரை வந்துவிட்டான். அக்பர் அப்போது என்ன செய்து கொண்டிருந்தார்? தூங்கிக் கொண்டிருந்தார்! பகல் தூக்கம். சத்தம் கேட்டு எழுந்து வந்தார். ஒரே குத்தில் அவனைச் சாய்த்து, மாடியிலிருந்து தூக்கிப் போடச் சொன்னார். உயிர் போகவில்லை என்றதும் திரும்பத் தூக்கி வந்து இன்னொரு முறை போடச் சொன்னார். படத்தில் ஆதம் கான் தலைகீழாக விழுகிறான். அரண்மனை முழுக்க ஒரே பரபரப்பு. குஸ்ரு படத்தில் உறங்குகிற அரண்மனை இங்கே விழித்துக்கொண்டுவிட்டது. அக்பருக்கு அப்போது வயசு பத்தொன்பது. இந்த மகனை இழந்த மாஹம் அனகா நாற்பது நாளில் இறந்து போனாள் என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது.

இதற்குமேல்தான் எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம். அக்பரின் மகன் சலீமுக்கு 1587இலும் 1589இலும் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். வைத்த பெயர் குஸ்ரு, பர்வேஸ். அந்தப் பெயரில் உள்ள பெருமையும் ஷிரீனோடு இருந்த காதல் கதையும் அவர்களை இழுத்திருக்கும். கதையின் முடிவை யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை. சலீம் 1600இல் தகப்பன் அக்பரை எதிர்த்துக் கிளம்பினான். அவனைச் சமாதானம் செய்ய அக்பர் அனுப்பியவர் ஷெரீப். அவர் போன இடத்திலேயே சலீம் பக்கம் சேர்ந்துகொண்டார். யார் இந்த ஷெரீப் என்றால், நம் ஓவியர் அப்துஸ் சமதின் சொந்தப் பிள்ளை! தகப்பனைக் கவிழ்க்கிற மகனைத் தகப்பனார் வரைந்தார். மகன் அப்படிப்பட்டவனுக்கே கூட்டாளி. சலீம் 1605இல் ஜஹாங்கீராக முடி சூடியதும் ஷெரீப் கான் மிகப் பெரிய பதவிக்கு வந்தார். அடுத்த வருஷமே ஜஹாங்கீரின் மகன் குஸ்ரு கலகம் செய்தான். பிடிபட்டான். கூட வந்தவர்களை லாகூர் சாலையின் இரு புறமும் கழுவில் ஏற்றி, நடுவே அவனை யானைமேல் வைத்து அழைத்துப் போனார்கள். பிறகு கண்ணைக் குருடாக்கினார்கள். 1622இல் புர்ஹான்பூரில் தம்பி குர்ரமின் காவலில் செத்தான். தம்பியின் ஏவல் என்றே பேச்சு. அந்தத் தம்பிதான் ஷாஜகான். அவர் கடைசி எட்டு வருஷம் யாருடைய காவலில் இருந்தார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இதெல்லாம் படித்த குடும்பம்! ஷாநாமாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தவர்கள். ராஜா பார்ப்பதற்காகவே, ராஜா காசில், ராஜா கொலையுண்ட படத்தை வரைந்து கொடுத்தார்கள். அவர்களும் பார்த்தார்கள், வைரம் மாதிரி பாதுகாத்தார்கள். அடுத்தவன் கதை என்றே நினைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு நிகர் உண்டா என்று மாணவர் யாராவது கேட்கலாம். கொலை உண்டு, படம் இல்லை. ஆதித்த கரிகாலனை "பொன்னியின் செல்வன்" மூலம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கொலைக்கு நம்மிடம் உள்ள சாட்சி காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் உள்ள கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அதிலும் கொலைக் காட்சி கிடையாது. துரோகிகளான ரவிதாசன் வகையறாவின் நிலம் என்ன ஆயிற்று என்ற கணக்குதான் இருக்கிறது. நாம் சொத்துக் கணக்கு எழுதி வைத்தோம், அவர்கள் படம் போட்டு வைத்தார்கள். ஒன்று மட்டம், ஒன்று உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கரிகாலன் இறந்த அறை எப்படி இருந்தது, அந்த ராத்திரி யார் விழித்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

திப்பு 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்ததற்குப் படங்கள் ஏராளம், எல்லாம் ஜெயித்தவர்கள் போட்டது. டேவிட் வில்கி 1839இல் முடித்த பெரிய ஓவியத்தில் ஜெனரல் பேர்டு வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிறார், திப்புவின் உடல் காலடியில் கிடக்கிறது. வரையச் சொன்னவர் பேர்டின் விதவை. தப்பென்று சொல்ல முடியாது, அவருக்குக் கணவர் பெருமை. அந்தப் படத்தில் நீங்கள் ஜெயித்தவரைத்தான் பார்க்க முடியும். அப்துஸ் சமதின் படத்தில் ஜெயித்த ஷிரூயியைப் பற்றிக் கவலையே இல்லை. ஷிரூயி சில மாதத்தில் கொள்ளை நோயில் போனான். நாலு வருஷத்துக்குள் பட்டத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணினால் கை போதாது, அதில் குஸ்ருவின் பெண்கள் இருவரும் உண்டு. கடைசி அரசன் யஸ்தகிர்து 651இல் மெர்வு நகரத்துப் பக்கம் ஒரு மாவு மில்காரன் வீட்டில் கொலையுண்டான். சாசானிய வம்சம் அதோடு சரி.

புத்தகத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். ஷா தமாஸ்ப் அதை 1568இல் துருக்கி சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாக அனுப்பினார். இஸ்தான்புல்லில் முந்நூறு வருஷத்துக்கு மேல் முழுசாக இருந்தது. 1903இல் பாரிஸில் ரோத்சைல்டு குடும்பத்தாரிடம் தென்பட்டது. 1959இல் ஆர்தர் ஹட்டன் என்ற அமெரிக்கப் பணக்காரர் வாங்கினார். வாங்கியவர் தையலைப் பிரித்துத் தாள் தாளாக்கினார். 1970இல் 78 ஓவியங்களை மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்தார், நம் படம் அதில் ஒன்று. மற்றதில் பலவற்றை ஒவ்வொன்றாக விற்றார். மீதி 118 ஓவியங்களை 1994 ஜூலையில் ஈரான் அரசு திரும்பப் பெற்றது, வியன்னா விமான நிலையத்தில், பண்டமாற்று முறையில்! பதிலுக்கு ஈரான் கொடுத்தது டி கூனிங் வரைந்த "பெண் 3" என்ற நவீன ஓவியம். அந்த ஓவியம் 2006இல் 13 கோடியே 75 லட்சம் டாலருக்கு விற்றது. 2011இல் ஷாநாமாவின் ஒற்றைத் தாள் ஒன்று லண்டன் ஏலத்தில் 70 லட்சம் பவுனுக்கு மேலே போனது. மெட்ரோபாலிடனில் உள்ள நம் பக்கத்துக்கு முன் பக்கம் எங்கே, பின் பக்கம் எங்கே என்று தேடித்தான் சேர்க்க வேண்டும். படையெடுப்பு இல்லை, தீ இல்லை. ஒரு கத்தரிக்கோல் வேலை. இதைப் பற்றி எனக்கு வருகிற கோபத்தை மேடையில் சொல்லக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. திப்புவின் நூலகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் அதற்கு அட்டவணை போட்டார், அதைத் தேடிப் படியுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாரசீகச் சுவடிகள் இருக்கின்றன. ஆற்காட்டு நவாபுகளின் பாரசீக வரலாறான துசுக்-இ-வாலாஜாஹியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த முகம்மது உசேன் நயினார் 1930களிலேயே ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார். ஆம்பூரில் 1749இல் நவாப் அன்வருதீன் விழுந்த கதை நம் பக்கத்துக் கதை. அதைப் படிக்கப் பாரசீகம் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? நம் கல்லூரியிலிருந்து ஒருவர் கிளம்பினால், படிப்புச் செலவில் ஒரு பங்கு என்னுடையது. செயலாளர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

சமையற்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். கேள்வி இருந்தால் சாப்பிடும்போது கேளுங்கள். அச்சுப் பிரதியை மட்டும் யாரும் மடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.